மஞ்சள் மூலை நறுக்கிய அட்டைகள்

அன்னக்கொடி டீச்சருக்குப் பொறாமை பிடித்த நாள் எது என்று கேட்டால் தேதியோடு சொல்லிவிடலாம். 1975 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், பதினோரு மணி டீ இடைவேளை. ஆசிரியைகள் அறையில் ஏழெட்டுப் பேர் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஸ்யாமளா ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "இது ஏன் இப்படிக் கசக்கறதுன்னு என்கிட்ட ஒரு ஹைபாதெசிஸ் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான். அன்னக்கொடியின் வாயில் முறுக்கு பாதியிலேயே நின்றுவிட்டது.

அது அவளுக்குத் தெரியாத சொல் இல்லை. கருதுகோள் என்று தமிழிலும் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது அதை உருப்போட்டு, பரீட்சைத் தாளில் இறக்கி வைத்துவிட்டு, அத்தோடு மறந்து வந்தவள். அதை ஒருத்தி டீக்குச் சர்க்கரை போடுவதுபோலப் பேச்சில் போடுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

அன்னக்கொடி யாரென்று சொல்லிவிட வேண்டும். வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் காடு கழனி பார்க்கும் கருத்தக்கண்ணன் என்ற சம்சாரியின் மகள். அந்த ஊரில் பி.எஸ்ஸி. முடித்த முதல் பெண். பதினோராம் வகுப்பு வரை எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்து முதல் மார்க் வாங்கியவள், பி.யு.சி.யில் போய் உட்கார்ந்த அன்றைக்கு லெக்சரர் இங்கிலீஷில் வாயைத் திறந்ததும் ஊமையாகிப் போனாள். புரியாத பாடத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து பாஸ் செய்வது தனித் திறமை. அது அவளுக்கு இருந்தது. அதை வைத்தே பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர் ஆனாள். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்த சோணைமுத்துவைக் கட்டிக்கொண்டு ஆனையூரில் குடியிருந்தாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கூடவே மாமியார் மலையம்மாள்.

பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாக அவள் வைத்ததுதான் சட்டம். 'எம் பொண்ண அன்னக்கொடி டீச்சர் வகுப்புல போடுங்க' என்று பெற்றவர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். ஒளிவிலகலை அவள் தமிழில் சொல்லிக்கொடுத்தால் கடைசி பெஞ்சுக்கும் விளங்கும். அப்படி இருந்த ராஜ்யத்துக்குள்தான் ஸ்யாமளா வந்தாள்.

ஸ்யாமளாவின் அப்பா கைலாசநாதன் பேங்கில் மேனேஜர். கான்வென்ட் படிப்பு. தலைக்கனம் கிடையாது, புறம் பேசுவது கிடையாது, கொண்டுவந்த தயிர்சாதத்தை நாலு பேருக்குக் கொடுக்காமல் சாப்பிடுவது கிடையாது. இதுதான் அன்னக்கொடிக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நல்லவள்மேல் பொறாமைப்படுகிறவளுக்கு இரண்டு வேலை. அவளையும் திட்ட வேண்டும், தன்னையும் திட்டிக்கொள்ள வேண்டும்.

"அந்த டீச்சரு அப்பிடி என்னதான் பேசிப்புட்டாக?" என்று சோணைமுத்து கேட்டான்.

"ஒங்களுக்குச் சொன்னா வெளங்காது. அவ பேசுறப்ப ஒவ்வொரு வார்த்தையும் அவ வீட்டுப் பிள்ள மாதிரி ஓடியாருது. எனக்கு வெளியூர்ல இருந்து வரவழைக்க வேண்டியிருக்கு."

"வாரதுக்கு லேட்டானா எங்கிட்டச் சொல்லு, நான் டயம் போட்டுத் தாரேன்" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே சொல் சேர்க்க ஆரம்பித்தாள். சேர்க்க ஆரம்பித்ததும் ஒன்று தெரிந்தது. லென்ஸ், பேரோமீட்டர், ப்ரிஸம் என்றால் தொல்லை இல்லை. அவை பொருளுக்கு வைத்த பெயர். லேப் அலமாரியைத் திறந்து காட்டிவிடலாம். ஆனால் அஸம்ப்ஷன், இன்ஃபரன்ஸ், எவிடன்ஸ், ஈக்விலிப்ரியம்? இவற்றை எந்த அலமாரியில் இருந்து எடுப்பது? டிக்ஷனரியில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடினால் அதைவிட முரடான நாலு சொல் அங்கே உட்கார்ந்திருந்தன. இதெல்லாம் கண்ணால் பார்க்கிற சங்கதி இல்லை, மனசுக்குள் நடக்கிற சங்கதி. மனசுக்குள் நடப்பதைச் சொந்த வீட்டில் தேடினால்தான் கிடைக்கும் என்று முடிவு கட்டினாள்.

அட்டைக்கு அவள் கண்டுபிடித்த வழி கல்யாணப் பத்திரிகை. ஊர்ப்பக்கம் சொந்தம் பெரிது. தை பிறந்தால் வாரத்துக்கு நாலு பத்திரிகை வரும். நல்ல கெட்டி அட்டை, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். கல்யாணம் முடிந்த பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, வெறும்பக்கத்தில் மேலே இங்கிலீஷ் சொல்லும், அதற்குக் கீழே தமிழ்ச் சொல்லும், அதற்கும் கீழே தன் வீட்டிலிருந்து ஓர் உதாரணமும் எழுதினாள். முதல் நாள் கத்தரிக்கோலை எடுத்ததும் மலையம்மாள் பதறிப் போனாள்.

"அடியே, மஞ்ச தடவுன பத்திரிகையில கத்தரியப் போடுறியே! வாழப்போற புள்ளைகளுக்கு ஆகுமாடி?"

"கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சுல்ல அத்தை."

"முடிஞ்சா? மஞ்ச மஞ்சதான்."

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மஞ்சள் தடவிய நாலு மூலைகளையும் முதலில் நறுக்கி மாமியார் கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்து, ஆடிப் பெருக்கன்று தண்ணீரில் விடுவாள். மிச்ச அட்டை மருமகளுக்கு. இப்படியாக அன்னக்கொடியின் அட்டைகள் எல்லாமே ஒரு மூலை இல்லாத அட்டைகள் ஆயின.

அந்த அட்டைகளைப் படித்தால் ஆனையூர் வீட்டின் முழுக் கதையும் தெரியும். இன்ஃபரன்ஸ், அனுமானம்: அவர் சட்டை நனைந்து வருகிறது, அதனால் பஸ் ஸ்டாண்டில் மழை. எவிடன்ஸ், சான்று: தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்கிறார், ஆனால் பாலைத் தொட்டால் விரல் ஒட்டவில்லை. ஈக்விலிப்ரியம், சமநிலை: அத்தையும் பேசவில்லை, நானும் பேசவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது. இனர்ஷியா, சடத்துவம்: ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்.

அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். தானாகத் தேடிக் கண்டுபிடித்த சொல்லுக்கு நீல மை. ஸ்யாமளா வாயிலிருந்து வந்த சொல்லுக்குச் சிவப்பு மை. டப்பாவில் சிவப்புதான் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். ஆனாலும் டீ இடைவேளையில் ஸ்யாமளாவுக்கு எதிர் நாற்காலியை அவள் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை அனந்தலக்ஷ்மி அம்மாள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். அடுத்த ஜூனிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு இங்கிலீஷ் மீடியம் ஆகிறது. அதற்கு விஞ்ஞானம் நடத்த ஒருத்தர்தான் வேண்டும். அன்னக்கொடி அல்லது ஸ்யாமளா. மார்ச்சில் இருவரும் ஆளுக்கு ஒரு பாடம் இங்கிலீஷில் நடத்திக் காட்ட வேண்டும், தாளாளரும் தானும் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப் போவதாகச் சொன்னார்.

அறையில் எல்லோரும் ஸ்யாமளாவைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட அன்னக்கொடியைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அவள் சாகும் வரைக்கும் மறக்கப் போவதில்லை. அந்த வகுப்பு தனக்குக் கிடைக்காவிட்டால், பி.யு.சி. பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருந்த பெண்ணாகவே கடைசி வரைக்கும் இருந்துவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. சம்பளம் ஒரு பைசா கூடப் போவதில்லை. ஆனாலும் அது வேண்டும். அதுவும் ஸ்யாமளாவுக்குக் கிடைக்காமல் வேண்டும்.

தை மாதம் ஸ்யாமளாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை வெங்கட்ரமணன், உள்ளூரிலேயே கல்லூரி லெக்சரர், அதுவும் கெமிஸ்ட்ரி. பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இனி அவள் வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதுகூட இங்கிலீஷ்தான் கொதிக்கும் என்று அன்னக்கொடி நினைத்துக்கொண்டாள். ஸ்யாமளா ஆனையூர் வரைக்கும் பஸ் ஏறி வந்து, மலையம்மாள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து அழைத்தாள்.

"நீங்க வந்தே ஆகணும் டீச்சர். முகூர்த்தத்துக்கே வந்துடுங்கோ."

"வராம என்ன, கண்டிப்பா வாரேன்" என்றாள் அன்னக்கொடி.

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்று காலையில், முகூர்த்த நேரம் என்று பத்திரிகையில் போட்டிருந்த அதே நேரத்தில், அந்தப் பத்திரிகையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தனநிற அட்டை, தங்க எழுத்து, அவ்வளவு கெட்டியான பத்திரிகை அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். மஞ்சள் மூலையை நறுக்கிக் கொடுத்தபோது மலையம்மாள் அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். மூலைகளை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். நாலு அட்டைகள் கிடைத்தன. நாலிலும் சிவப்பு மை.

மார்ச் வந்தது. பாடம் குலுக்கிப் போட்டதில் ஸ்யாமளாவுக்கு ஒளி, அன்னக்கொடிக்கு இயக்கம். ஸ்யாமளாவுக்குக் காலை மூன்றாவது பீரியட், இவளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மூன்றாவது பீரியடில் தனக்கு வகுப்பு இல்லாததால் அன்னக்கொடி வராந்தா ஜன்னலோரம் நின்று கேட்டாள். இங்கிலீஷ் ஆறாக ஓடியது. ஓரிடத்திலும் தட்டவில்லை, முட்டவில்லை. பிள்ளைகள் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்திகூடக் கேள்வி கேட்கவில்லை. இதற்குமேல் நான் போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறேன் என்று அன்னக்கொடி நினைத்தாள்.

சாப்பாடு இறங்கவில்லை. மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கடைசியாக ஒருமுறை அட்டைகளைப் பார்த்துவிடலாம் என்று டப்பாவை எடுத்தாள். மூடி இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம் பறந்து, அட்டைகள் ஆசிரியைகள் அறை முழுக்கச் சிதறின. அப்போது அங்கே இருந்தது ஸ்யாமளா ஒருத்திதான். "ஐயோ, இருங்கோ இருங்கோ" என்று ஓடிவந்து மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"வேணாம் டீச்சர், நான் எடுத்துக்கிறேன், விடுங்க" என்று அன்னக்கொடி பதறினாள். அதற்குள் ஸ்யாமளாவின் கை நின்றுவிட்டது.

அவள் கையில் இருந்த அட்டையில் தங்க எழுத்தில் 'சௌபாக்கியவதி ஸ்யாமளா' என்று இருந்தது. மெதுவாகத் திருப்பினாள். பின்பக்கம் சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தது:

'கேட்டலிஸ்ட், வினையூக்கி. தான் துளியும் மாறாமல் மற்றதை மாற்றுவது. உதாரணம்: ஸ்யாமளா. அவள் அப்படியே இருக்கிறாள். நான்தான் கொதிக்கிறேன்.'

அன்னக்கொடியின் முகத்தில் ஈயாடவில்லை. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஸ்யாமளா அட்டையைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு ஜுரம்னு சொன்னேளே, டீச்சர்?"

அன்னக்கொடி குனிந்து டப்பா மூடியைத் தேடி எடுத்தாள்.

ஸ்யாமளா அட்டையின் வெட்டுப்பட்ட மூலையை விரலால் தடவினாள். "மஞ்சளை மட்டும் ஜாக்கிரதையா எடுத்திருக்கேள்" என்றாள். குரலில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. எல்லா அட்டைகளையும் பொறுக்கி, ஓரம் சேர்த்து அடுக்கி, டப்பாவில் வைத்து, இவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். மணி அடித்தது.

வகுப்புக்குள் நுழைந்தபோது அன்னக்கொடியின் தலைக்குள் ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக உருப்போட்ட வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. பின்பெஞ்சில் தாளாளரும் தலைமையாசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நாற்பது பிள்ளைகள். கரும்பலகையில் 'இனர்ஷியா' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டுத் திரும்பினாள். டிக்ஷனரி அர்த்தம் வராத இடத்தில் அட்டையின் கடைசி வரிதான் வந்தது. சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சாப்பிடுகிறார். பாயில் படுக்கிறார். இனி அவர் நகர மாட்டார். வெளியிலிருந்து ஒரு விசை வந்து தள்ளினால் ஒழிய அவர் அங்கேயே இருப்பார்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, தட்டுத் தடுமாறி, இங்கிலீஷிலேயே கேட்டாள்: "டீச்சர், ஹூ ஈஸ் தி ஃபோர்ஸ்?"

"மை மதர்-இன்-லா" என்றாள் அன்னக்கொடி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தாளாளர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பிள்ளைகள் விடவில்லை. ஓடுகிற பஸ்ஸில் பிரேக் போட்டால் என்ன ஆகும், தயிர்ப்பானையோடு நின்றால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஆள் கேள்வி, எல்லாம் ஓட்டை இங்கிலீஷில். சிவப்பு மைச் சொற்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து சேர்ந்தன. ஆனால் பாடம் முடிந்து வெளியே வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் இல்லை. தங்க எழுத்தைத் தடவிய அந்த விரல்தான் கண்முன்னால் நின்றது.

இரண்டு நாள் கழித்து அனந்தலக்ஷ்மி அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ் மீடியம் உங்களுக்குத்தான் அன்னக்கொடி. எனக்கும் தாளாளருக்கும் ஒரே குழப்பம், யாருக்குக் கொடுக்கறதுன்னு. ஸ்யாமளாவையே கேட்டேன். 'அவங்களுக்கே கொடுங்கோ மேடம். நான் வார்த்தையைப் பேசறேன், அவங்க வார்த்தையை வீட்டுக்குள்ள கூட்டிண்டு வந்து உட்கார வைக்கறாங்க'ன்னா. தமிழ் மீடியத்தைத் தான் எடுத்துக்கறதா அவளே சொல்லிட்டா."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அன்னக்கொடிக்கு ஆத்திரம் பொங்கியது. இதைக்கூட அவள்தான் கொடுத்தாளா? ஜெயித்தோம் என்று ஒரு நாள் நிம்மதியாக இருக்க விட மாட்டாளா? பெருந்தன்மையிலும் அவளை முந்த முடியாதா? கோடை விடுமுறை முழுக்க அவள் அட்டை டப்பாவைத் திறக்கவில்லை. 'இதுக்கு அவ ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்' என்று புருஷனிடம் புலம்பினாள். சோணைமுத்துவுக்கு வழக்கம்போல ஒன்றும் விளங்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. ஸ்யாமளா சிரித்தாள், பேசினாள், தயிர்சாதம் கொடுத்தாள். அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ் மீடியத்தில் 'சடத்துவம்' என்று சொல்வதற்குள் அவள் நாக்கு படும் பாட்டை அன்னக்கொடி ஜன்னலோரம் நின்று கேட்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தாள். வரவில்லை.

ஆனி மாதம் அன்னக்கொடியின் மகளுக்குக் காதுகுத்து. வாடிப்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில், தாய்மாமன் காசிமாயன் மடியில் வைத்துக் குத்துவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தாள். ஸ்யாமளாவிடம் மட்டும் கடைசியாகத்தான் நீட்டினாள்.

"வருவீகளா டீச்சர்?"

"ஜுரம் இல்லேன்னா வரேன்" என்றாள் ஸ்யாமளா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வந்தாள். வெங்கட்ரமணனோடு காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பந்தலில் கெடா வெட்டு அமர்க்களம் நடந்துகொண்டிருக்க, அன்னக்கொடி தனியாக வைக்கச் சொன்ன பாயசத்தையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டுவிட்டு, காது குத்தியதும் அலறிய குழந்தையைத் தூக்கி வைத்துச் சமாதானம் செய்துவிட்டுப் போனாள். மலையம்மாள் அவளுக்கு வெற்றிலையில் மஞ்சள் வைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆசிரியைகள் அறையில் அன்னக்கொடியின் மேசைமேல் ஓர் அட்டை இருந்தது. ரோஸ் நிறம். அவள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையிலிருந்து வெட்டியது. ஒரு பக்கம் 'அன்னக்கொடி' என்று அச்சில் இருந்தது. மஞ்சள் மூலை கவனமாக நறுக்கப்பட்டிருந்தது. திருப்பினாள். பழக்கமில்லாத கை எழுதிய கோணல் தமிழில், சிவப்பு மையில் இருந்தது:

'வினையூக்கி. உங்கள் அட்டையில் ஒரு தவறு இருக்கிறது, டீச்சர். அது மாறாமல் இருப்பதில்லை. நடுவில் அதுவும் உடைகிறது, மற்றதோடு சேர்கிறது. முடிவில் பழைய உருவத்திலேயே வெளியே வந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. உதாரணம்: ஸ்யாமளா.'

அன்னக்கொடி அதை நின்றபடியே மூன்று முறை படித்தாள். கண் கலங்கியது. அவளுக்கும் வலித்திருக்கிறது, இவ்வளவு நாளும் வலியோடுதான் தயிர்சாதம் கொடுத்திருக்கிறாள் என்று இப்போதுதான் உறைத்தது. உறைத்த கையோடு, இன்னொன்றும் வந்தது. இதைவிட நல்ல உதாரணம் தன் டப்பாவில் ஒன்றுகூட இல்லை. அதுவும் தமிழில் எழுதியிருக்கிறாள். இது எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றோடேயே டப்பாவைத் திறந்து, அந்த அட்டையை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்து மூடினாள். பிறகு ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்த எதிர் நாற்காலியை விட்டுவிட்டு, போய் ஸ்யாமளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.